எழுத்தின் மேல் ஒரு கண், மின்சாரத்தின் மேல் ஒரு கண்: ரங்கூனில் மானிட்டர் வாங்கிய கணக்கு

உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் ஒரு வியாபாரியிடம் பகலில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் நம்மவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா அறிவிப்பு என்று தமிழிலும் பர்மியத்திலும் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். இரவு எட்டு மணிக்குமேல் அதே மேசையை அக்காள் மகன் பிடித்துக்கொண்டு விளையாட உட்கார்ந்துவிடுகிறான். இந்த மூன்று வேலைக்கும் ஒன்பது ஆண்டுகளாக உழைத்த 19 அங்குல மானிட்டர் போன மழைக்காலத்தில் ஒரு நாள் இருண்டுபோய் மறுபடி வெளிச்சம் காட்டவே இல்லை. அதன் இடத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகும் புதிய மானிட்டரைப் பற்றியும், அதற்கு முன் நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

வாங்கியது 23.8 அங்குலத் திரை. கடைக்காரர்கள் அதை 24 என்றே சொல்கிறார்கள். குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். படத்தைக் காட்டும் உள் பலகம் ஐபிஎஸ் என்ற வகை. நொடிக்கு 100 முறை படத்தைப் புதுப்பிக்கும், அதாவது 100 ஹெர்ட்ஸ். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஏறக்குறைய இதே அமைப்பில் பல நிறுவனங்களும் மானிட்டர் தயாரிக்கின்றன, ரங்கூன் கடைகளுக்கு வரும் சரக்கோ மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இன்று நான் ஒரு மாடல் எண்ணைச் சொல்லி, நாளை நீங்கள் அதைத் தேடிக் கடை கடையாக அலைவதைவிட, பெட்டியின் மேல் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதே பயன்படும். விலையையும் அதே காரணத்துக்காகச் சொல்லவில்லை. டாலர் ஏறினால் காலையில் கேட்ட விலை மாலையில் இருப்பதில்லை என்பது இந்த ஊரில் கணக்கு எழுதுகிறவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் அந்தத் தவறு. பெரிய திரை கண்ணுக்கு நல்லது என்ற எண்ணத்தில் முதலில் நான் வாங்கி வந்தது 27 அங்குலத் திரை. அதிலும் 1920க்கு 1080 புள்ளிகள்தாம். வீட்டில் மேசைமேல் வைத்து, அச்சுக்குப் போக வேண்டிய ஒரு பத்திரிகையைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரே எண்ணிக்கைப் புள்ளிகளை ஏறத்தாழ 29 சதவீதம் கூடுதல் பரப்பில் நிரவியிருக்கிறார்கள். 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 92 அல்லது 93 புள்ளிகள் வருகின்றன. 27 அங்குலத்தில் அது 82 புள்ளிகளுக்கும் குறைவாக இறங்கிவிடுகிறது. அச்சில் வரும் அளவிலேயே ஒரு எழுத்தைத் திரையில் காட்ட வேண்டுமானால், பெரிய திரை சின்னத் திரையைவிடக் குறைந்த புள்ளிகளைத்தான் செலவிடும். திரைப்படம் பார்க்கிறவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. எழுத்தையே பிழைப்பாக வைத்திருக்கிறவனுக்கு வேறு கதை.

நம் எழுத்துகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். 'ன' என்பதற்கும் 'ண' என்பதற்கும் இடையில் ஒரே ஒரு சுழிதான் வேறுபாடு. 'க்' என்பதன் மேலுள்ள புள்ளி சின்ன அளவில் திரையின் ஒன்றிரண்டு புள்ளிகளாகவே வந்து நிற்கும். அது பக்கத்துக் கோட்டோடு கலந்துவிட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். பர்மிய எழுத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. முழு வட்டமாக இருந்தால் 'வ'. அதே வட்டம் மேலே திறந்தால் 'ப'. கீழே திறந்தால் 'ga' என்று ஒலிக்கும் 'க'. வலப்பக்கம் திறந்தால் 'ங'. அந்தத் திறப்பு எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் மணமகனின் பெயரே நிற்கிறது. 27 அங்குலத் திரையில் அந்த வட்டங்களின் ஓரம் படிக்கட்டுப்போல் தெரிந்தது. என் மேசை குறுகலானது. முகத்துக்கும் திரைக்கும் இடையில் ஒன்றே முக்கால் அடிக்குமேல் இடமில்லை. தள்ளி உட்கார வசதி உள்ளவருக்கு இவ்வளவு உறுத்தாது. எனக்கு இரண்டே நாளில் கண் வலித்தது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், ஆனால் பெட்டியைப் பிரித்ததற்காக ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் எடுத்தார். அது என் பாடத்துக்கான கட்டணம் என்று பேரேட்டில் எழுதிவிட்டேன்.

27 அங்குலம்தான் வேண்டும் என்றால் 2560க்கு 1440 புள்ளிகள் உள்ளதை வாங்க வேண்டும். அதில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் வரும். விண்டோஸில் அளவை 125 சதவீதமாக வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் அதிகப் புள்ளிகள் கிடைத்து, தமிழ் அச்சடித்த தாள்போல் நிற்கும். உண்மையைச் சொன்னால் அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு தடை இருந்தன. ஒன்று விலை. மற்றொன்று மருமகனின் விளையாட்டு: 1440 திரையில் 1080 திரையைவிட 78 சதவீதம் கூடுதல் புள்ளிகள் உள்ளன, ஒவ்வொரு நொடியும் அத்தனையையும் வரைந்து தள்ள வேண்டிய சுமை கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழும். எங்கள் டெஸ்க்டாப்பில் இருப்பது 2019இல் வெளிவந்த, என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1650. அது 1080 திரைக்கு ஏற்ற கார்டு. திரையை மாற்றப் போய் கார்டையும் மாற்ற வேண்டிவந்தால், கடிவாளம் வாங்கப் போய்க் குதிரையும் வாங்கியவன் கதையாகிவிடும்.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது கையில் ஒரு பென் டிரைவ் கொண்டுபோனேன். அதில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பர்மியம், எட்டுப் பாயிண்ட் அளவில் ஒரு கணக்குத் தாள். கடைகளில் மானிட்டரில் ஓடவிடும் மலை, அருவி, கிளிப் படங்களில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும். அவற்றைப் பார்த்து வாங்குவது, பட்டுப்புடவை கட்டிய பொம்மையைப் பார்த்துப் பெண் கேட்பது போன்றது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துருவில் தமிழும், மியான்மர் டெக்ஸ்ட் என்ற எழுத்துருவில் பர்மியமும் கூடவே வருவதால், புதிதாக எதையும் நிறுவாமலே எந்தக் கடைக் கணினியிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். கடைக்காரத் தம்பி முதலில் சிரித்தார்; பிறகு தானும் பக்கத்தில் வந்து நின்று இரண்டு திரையையும் ஒப்பிட ஆரம்பித்தார்.

பலக வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஎன் வகை மலிவு, ஆனால் தலையைச் சற்று அசைத்தாலே நிறம் மாறும். விஏ வகையில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி வேறுபாடு 3000க்கு 1 என்ற அளவில் கிடைக்கும்; இருட்டறையில் படம் பார்க்க அருமை, ஆனால் மலிவான விஏ திரைகளில் இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது பின்னால் நிழல் இழுபடும். ஐபிஎஸ் வகையில் அந்த வேறுபாடு 1000க்கு 1 என்ற அளவுதான்; கறுப்பு சற்றுச் சாம்பலாகத்தான் இருக்கும். ஆனாலும் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் நிலைத்து நிற்பதால், பத்திரிகையின் மஞ்சளும் குங்கும நிறமும் வாடிக்கையாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாலும் அப்படியே தெரிகின்றன. என் வேலைக்கு ஐபிஎஸ் என்று முடிவு செய்ய அதுவே போதும்.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் மருமகனுக்கும் எனக்கும் ஒரு வழக்கே நடந்தது. அவன் 180 கேட்டான். நான் 60 போதும் என்றேன். நடுவில் 100இல் வந்து நின்றோம், இப்போது பார்த்தால் இருவர் சொன்னதைவிடவும் அதுவே சரி. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 16.7 மில்லி நொடி, 100இல் அது 10 மில்லி நொடி, 180இல் 5.6 மில்லி நொடி. முதல் படியில் கிடைக்கும் லாபம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. இரண்டாம் படியில் கிடைப்பது அதைவிடக் குறைவு. நீளமான கணக்குத் தாளை உருட்டிக்கொண்டு போகும்போது எண்கள் கலங்காமல் நகர்கின்றன, சுட்டி கையோடு ஒட்டி வருகிறது. விளையாட்டுக்குத்தான் இது என்று நினைத்திருந்த எனக்கு, பகல் வேலையிலேயே பலன் கிடைத்தது வியப்புதான். 180 ஹெர்ட்ஸ் திரையால் பயன் வேண்டுமானால் கார்டும் நொடிக்கு 180 படம் வரைய வேண்டும். எங்கள் கார்டு கனமான விளையாட்டுகளில் 60ஐத் தொடுவதற்கே மூச்சு வாங்குகிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மானிட்டரைப் பொருத்தி முதல் வாரம் முழுவதும் அது 60 ஹெர்ட்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 100 ஹெர்ட்ஸ் திரையாக இருந்தாலும் விண்டோஸ் பல நேரங்களில் 60இலேயே தொடங்கிவிடும். அமைப்புகளில் திரை, அதற்குள் மேம்பட்ட திரை என்ற பகுதிக்குப் போய் நாமே 100ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருமகன்தான் கண்டுபிடித்தான். "மாமா, நூறுக்குக் காசு குடுத்துட்டு அறுபதுல ஓட்டிக்கிட்டு இருக்கீங்க" என்று அவன் சொன்னபோது, அக்காள் முன்னால் எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

விளையாட்டைப் பொறுத்தவரை கேட்டு வாங்க வேண்டிய இன்னொன்று அடாப்டிவ் சிங்க் வசதி. கார்டு நொடிக்கு 70 படம் வரைந்தால் திரையும் 70 முறை, 55 என்றால் 55 முறை என்று ஒத்துப்போவதால், படம் நடுவில் கிழிந்ததுபோல் தெரிவது நின்றுவிடுகிறது. ஏஎம்டி நிறுவனம் இதை ஃப்ரீசிங்க் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் இத்தகைய மானிட்டர்களோடு ஒத்துழைக்கின்றன, ஆனால் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து வந்த கார்டுகளில், டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வழியாக. அதனால் என்விடியா கார்டு வைத்திருப்பவர் மானிட்டரின் பின்புறம் டிஸ்ப்ளே போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. மலிவு விலையில் எச்டிஎம்ஐ ஒன்றும் விஜிஏ ஒன்றும் மட்டும் வைத்து முடித்துவிடும் மாடல்கள் உண்டு. விஜிஏ பழைய அனலாக் முறை. அதில் எழுத்தின் ஓரம் லேசாகப் பூசினாற்போல் இருக்கும். எழுத்து வேலைக்கு அந்தக் கேபிளைத் தொடவே வேண்டாம்.

நகரும் படம் கலங்காது என்று காட்டப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் '1 மில்லி நொடி'யையும், ஒளியும் இருளும் மிகுந்த காட்சியைக் காட்டும் என்று சொல்லும் 'எச்டிஆர்' என்பதையும் பார்த்து மயங்க வேண்டியதில்லை. முதலாவது பெரும்பாலும் பின்னொளியை விட்டுவிட்டு எரியச் செய்து எடுத்த அளவு; அந்த வசதியைப் போட்டால் திரை மங்கிவிடும். இரண்டாவது, 250 நிட் ஒளி மட்டுமே தரும் திரையில் வெறும் பெயருக்குத்தான். அந்த முத்திரைக்கு, திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா (VESA) அமைப்பு வைத்திருக்கும் தொடக்கப் படியே 400 நிட்.

இனி மின்சாரம். வெளியூரில் எழுதப்படும் மதிப்புரைகள் ஒரு வரியில் கடந்துபோகும் இடம் இது. நமக்கோ பாதி முடிவு இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் முறைவைத்து வரும் ஊரில், மானிட்டர் எத்தனை வாட் இழுக்கிறது என்பது, வேலை நாளில் எத்தனை மணி நேரம் நமக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானிக்கிறது. என் வீட்டில் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் இருக்கின்றன. கணக்குப்படி அதில் 1200 வாட் மணி. ஆனால் பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்குமேல் வடிக்கக்கூடாது, ஆகவே 600. இன்வெர்ட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் கைக்கு வருவது சுமார் 500. இந்த மானிட்டர் நடுத்தர வெளிச்சத்தில் 20 வாட் அளவில் இழுக்கிறது. மடிக்கணினி 45 வாட் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 65. ஏழு மணி நேரத்துக்குமேல் வேலை ஓடுகிறது. அதே பேட்டரியில் மருமகன் 200 வாட் டெஸ்க்டாப்பை வைத்து விளையாடினால் இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்தது. ஆகவே மின்சாரம் இருக்கும்போது விளையாட்டு, இல்லாதபோது மாமாவின் கணக்கு என்று வீட்டில் ஒப்பந்தம். வெளிச்சத்தைக் குறைத்தாலே சில வாட் மிச்சமாகும். இரவில் முழு வெளிச்சம் கண்ணுக்கும் ஆகாது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, மின்மாற்றும் பகுதி மானிட்டருக்கு உள்ளே இருக்கிறதா, மடிக்கணினிக்கு வருவதுபோல் தனி அடாப்டராக வெளியே இருக்கிறதா என்பது. நான் வெளியே உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். அடாப்டரின் அடியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். எங்கள் தெருவில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கி மின்விசிறி கிழவன்போல் சுற்றும்போதுகூடத் திரை இமைக்கவில்லை. மின்சாரம் திடீரென்று திரும்பி வரும்போது அடிக்கும் அடியில் ஏதாவது போனாலும், முதலில் போவது அடாப்டராகத்தான் இருக்க வாய்ப்பு. அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே முனை உள்ள வேறொன்றைக் கடைத்தெருவில் வாங்கி மாட்டிவிடலாம். பழைய 19 அங்குலத்தில் எல்லாம் உள்ளேயே இருந்தது. பழுது பார்ப்பவர் திறந்து காட்டியபோது இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பி இருந்தன, அவற்றை மாற்றியும் உயிர் வரவில்லை. இருந்தாலும் அடாப்டரை நேராகச் சுவரில் சொருகாமல், அதிக அழுத்தத்தைத் தடுக்கும் பலகை வழியாகத்தான் சொருகியிருக்கிறேன். 240க்குமேல் போனால் எந்த அடாப்டரும் பொறுப்பேற்காது.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடைகளில் மானிட்டர் வாங்கலாமா என்று என்னை இரண்டு பேர் கேட்டார்கள். அலுவலகங்களில் கழித்த நல்ல தரமான திரைகள் அங்கே மலிவாகக் கிடைப்பது உண்மை. உயரம் கூட்டக் குறைக்கக்கூடிய உறுதியான தாங்கியோடும் வரும். ஆனால் சொருகுவதற்கு முன் பின்புற ஒட்டியைப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். ஒட்டியில் 100 முதல் 240 என்று இருந்தால் கவலையில்லை. வெறும் 100 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகிய கணமே புகைதான். அப்புறம், வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து ஓரங்கள் மஞ்சளித்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பின்னொளி முதுமையடைந்த திரையில் நிறம் பார்த்து அச்சுக்கு அனுப்பினால் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரிடும்.

ஐந்து மாதத்தில் கண்ட குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தாங்கி முன்னும் பின்னும் மட்டும்தான் சாயும், உயரம் ஏறாது. இப்போது இரண்டு தடித்த பழைய பேரேடுகளின் மேல் நிற்கிறது, பார்க்க அழகாக இல்லை. பின்புறம் 100க்கு 100 மில்லி மீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருப்பதால் பிறகு ஒரு கைத்தாங்கி வாங்கி மாட்டலாம். இந்தத் துளைகள் இல்லாத மாடல்களும் உண்டு, அவற்றைத் தவிர்க்கவும். இருட்டில் கறுப்புத் திரையைப் பார்த்தால் கீழ் இடது மூலையில் லேசான வெளிச்சம் பூத்திருக்கிறது. ஐபிஎஸ் திரைகளில் இது சகஜம், வேலை செய்யும்போது தெரிவதில்லை. ஒலிபெருக்கி கிடையாது. எச்டிஎம்ஐ வழியாக இணைத்த முதல் நாள் கறுப்பு எல்லாம் வெளிறிப்போய்த் தெரிந்தது. அது திரையின் குற்றமில்லை, கார்டின் அமைப்பில் வெளியீட்டு நிற வீச்சு தொலைக்காட்சிக்கு உரியதாக இருந்தது, அதை முழு வீச்சு என்று மாற்றியவுடன் சரியாயிற்று.

எழுத்து இன்னும் கூர்மையாக வேண்டுமானால் விண்டோஸிலேயே கிளியர்டைப் சரிசெய்யும் பகுதி உண்டு. ஐந்து பக்கம் மாதிரிகளைக் காட்டி எது தெளிவு என்று கேட்கும். மாதிரிகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் பலன் தமிழுக்கும் சேரும். அது ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் பக்கவாட்டில் அடுக்கியிருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியே பயன்படுத்தும் உத்தி. ஆகவே நீளமான அறிவிப்புகளுக்காகத் திரையை நெட்டுவாக்கில் திருப்பி வைக்க நினைப்பவர்களுக்கு அதன் பலன் குறைந்துவிடும். நான் திருப்பவில்லை, பேரேடுகளின் மேல் அது நெட்டுவாக்கில் நிற்கவும் நிற்காது.

விளையாட்டு மட்டுமே நோக்கம், நல்ல கார்டும் கையில் உண்டு என்கிற இளைஞர்கள் என் பேச்சைக் கேட்காமல் 144 அல்லது 180 ஹெர்ட்ஸுக்கே போகலாம். எழுத்து வேலை மட்டும் செய்பவர் சற்றுப் பொறுத்துக் காசு சேர்த்து 27 அங்குல 1440 திரையை வாங்கலாம். ஒரே மேசையில் இரண்டும் நடக்கிற வீட்டுக்கு இப்போதைக்கு இந்த 24 அங்குலம்தான். போன வாரம் ஒரு திருமணப் பத்திரிகையின் பர்மியப் பக்கத்தில் மணமகனின் தந்தை பெயரில் ஒரு வட்டம் மேலே திறப்பதற்குப் பதில் கீழே திறந்திருந்ததை, அச்சகத்துக்கு அனுப்பும் முன், மின்சாரம் போய் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த திரையில்தான் பிடித்தேன்.